கார்டு மாட்ட ஐந்து நிமிஷம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்த சர்வீஸ் கடை. சுவரோரம் கழற்றிப்போட்ட மதர்போர்டுகள். மேஜைமேல் ஒரு புளோயர், பெயின்ட் பிரஷ், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர். ரப்பர் எதற்கு என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்து, ஸ்லாட்டுக்குள் இறங்கும் அதன் பொன்னிறப் பற்களை அழுத்தித் தேய்த்தார். ரப்பரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"கடல் காத்து சார். உப்பும் ஈரமும் தூசியோட சேந்து படிஞ்சிடும். 'டிஸ்ப்ளே வரல, கார்டு போயிடுச்சு'ன்னு தூக்கிட்டு வருவாங்க. பல தடவை இந்த ரப்பரே போதும்."

ரப்பர் போட்டுத் தேய்த்ததற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்றேன். சிரித்தார். "இதுக்குப் போய் யாரு சார் காசு குடுப்பா?"

பழைய கம்ப்யூட்டரில் கார்டு மாற்றி, டிரைவர் போட்டு, கேம் ஓடவைக்கும் வேலையைப் பார்க்கத்தான் கடலூரும் சிதம்பரமும் போனேன். இந்தக் கடைகளுக்கு வரும் பெட்டிகளில் பல, பெருநகரக் கம்பெனிகள் கழித்துப்போட்ட டெல், எச்.பி., லெனோவோ டெஸ்க்டாப்புகள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளைச் சுற்றி இங்கே வந்து சேர்கின்றன. ஆபீஸ் கணக்கு போடப் பிறந்த பெட்டியிடம் ஜி.டி.ஏ. 5 கேட்கிறார்கள் பையன்கள்.

நான் உட்கார்ந்திருந்தபோது பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் வந்தான். கையில் ஒரு மாடல் பெயர் எழுதிய சீட்டு. "அண்ணே, இந்தக் கார்டு போட்டுக் குடுங்க."

"மொதல்ல உன் பெட்டியக் கொண்டா தம்பி. அப்புறம் கார்டப் பாப்போம்."

பெட்டி வந்ததும் கடைக்காரர் மதர்போர்டைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துணியால் துடைத்துப் படித்தார். மேலே பெரிதாக 450 வாட் என்று போட்டிருந்தது. அவர் விரல் நின்றது 12 வோல்ட் என்ற கட்டத்தில்: 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. மிச்ச வாட்டால் கார்டுக்குப் பயனில்லை.

மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். பையன் சீட்டில் எழுதிவந்த கார்டு அந்த ரகம். ஆகவே அவனுக்குப் பொருந்துவது ஸ்லாட் கரண்டிலேயே ஓடும் கார்டுகள்தான்: 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. 60 வாட், 2016இன் 1050 டி.ஐ.யும் 2019இன் 1650உம் 75 வாட். இவற்றிலும் சில கம்பெனிகள் தனி ஒயர் கேட்கும் கார்டு போடுகின்றன. அதையும் பார்த்து வாங்க வேண்டும். கேபினெட் ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த, 'லோ புரொஃபைல்' கார்டுதான் உள்ளே போகும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் மின்சாரப் பின்னே வேறு மாதிரி. கடையில் தொங்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அப்படியே பொருந்தாது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தார். பையன் "வீட்ல கேட்டுட்டு வரேண்ணே" என்று கிளம்பினான். ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. எரிந்துபோயிருக்க வேண்டிய ஒரு மதர்போர்டு பிழைத்தது.

அலமாரியிலிருந்து இன்னொரு கார்டை எடுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் ஆன்லைனில் மலிவாக வாங்கி ஏமாந்தது. பெட்டியில் 1050 டி.ஐ. என்று இருக்கிறது, விண்டோஸும் அப்படியே நம்புகிறது. ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பெயருக்கு முன்னால் 'போலி' என்று விழுகிறது. 2010 காலத்து ஜி.டி.எஸ். 450 போன்ற சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, புதுப்பெயர் சூட்டி விற்பது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. இவருக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. கார்டின் பின்பக்கத்தில் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருந்தது, அசல் 1050 டி.ஐ. சிப்பால் வி.ஜி.ஏ. சிக்னல் கொடுக்கவே முடியாது. "பின்னாடி திருப்பிப் பாத்தாலே தெரிஞ்சிடும் சார். வாங்கறதுக்கு முன்னாடி காட்டியிருந்தா காசு மிச்சம்."

பரங்கிப்பேட்டை பக்கமாக பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியதிலிருந்து இது மாணவர்களின் ஊரும்கூட. தேரோடும் வீதிகளுக்குப் பக்கத்தில் நான் போன கடையில் டிரைவர் வேலை பார்ப்பவர் ஒரு பெண். மாணவர்களுக்கு அவர் 'அக்கா'.

அவர் வேலை செய்யும் வரிசையைக் கவனித்தேன். முதலில் நெட் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்; இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரை இறக்கிக்கொண்டு குறுக்கே வரும். பிறகு சேஃப் மோடில் போய், டி.டி.யு. என்ற மென்பொருளால் பழைய டிரைவரின் மிச்சம் மீதியைத் துடைக்கிறார். ஷட்டவுன். கார்டு மாற்றம். அதன்பிறகுதான் பென்டிரைவில் எடுத்துவைத்த புது டிரைவர். கார்டு மாட்ட ஐந்து நிமிஷம்; முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்.

அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. எந்தக் கார்டுக்கு டிரைவர் எதோடு நின்றது என்ற கணக்கு. என்விடியா கம்பெனியின் 400, 500 வரிசைக் கார்டுகளுக்கு 391.35 என்ற பதிப்பு, அதாவது 2018. 600, 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 470, 2021. அதே 700 வரிசையில் விலை கூடிய 780க்கு 2021இலேயே நின்றுபோக, எளிய 750 டி.ஐ.க்கு 2025 வரை வந்தது. அதன் சிப் அடுத்த தலைமுறை என்பதால். 2025 அக்டோபரோடு 750 டி.ஐ., 1050 டி.ஐ. இரண்டுக்குமே புது கேமுக்கான டிரைவர் முடிந்தது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். விண்டோஸ் 10இன் இலவச ஆதரவு முடிந்ததும் அதே அக்டோபரில்தான்.

"1050 டி.ஐ.யும் 1650உம் ஒரே வாட்தான் சார். ஆனா 1650க்கு இன்னும் டிரைவர் வருது. ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் அதையே வாங்குனு பசங்ககிட்ட சொல்லுவேன். பழைய கேம் மட்டும் போதும்னா எது வேணா போடலாம்."

கார்டு நன்றாகவே இருக்கும், கம்பெனி கைகழுவியிருக்கும். அந்தத் தேதியைத் தெரிந்துவைத்திருப்பது ஸ்குரூ முடுக்குவதைவிடப் பெரிய வேலை. அதற்குத்தான் கூலி இல்லை. அரசு 2011இலிருந்து கொடுத்த இலவச லேப்டாப்பைக் கொண்டுவந்து கார்டு போடச் சொல்பவர்கள் உண்டாம். அதில் கிராபிக்ஸ் பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது, மாற்ற வழியில்லை. பத்து நிமிஷம் விளக்கி அனுப்பினால் வரவு பூஜ்யம்.

அந்தச் சிதம்பரம் கடையின் முதலாளி இன்னொன்று சொன்னார். புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று புவனகிரியிலிருந்து கோபமாக போன். வண்டியில் போய்ப் பார்த்தால், மானிட்டர் ஒயரைப் பழையபடி மதர்போர்டிலேயே சொருகியிருக்கிறார்கள். பிடுங்கி, கார்டில் சொருகிவிட்டு வந்தார். "ஒயர் மாத்தினதுக்கு எப்படிக் காசு கேக்கறதுன்னு வந்துட்டேன். பெட்ரோல் என்னோடது."

அதன்பிறகுதான் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறார்: 'பார்த்துச் சொல்ல ரூ.200. வேலை கொடுத்தால் கழித்துக்கொள்ளப்படும்.' முதலில் சிலர் முறைத்துவிட்டுப் போனார்களாம். இப்போது மாணவர்கள் கார்டு வாங்கும் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தவறான கார்டு ஒன்றில் போகும் பணத்தோடு பார்த்தால் இருநூறு ஒன்றுமே இல்லை. கடலூர்க்காரரிடம் போனில் இந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். நூறு ரூபாயில் ஆரம்பித்துப் பார்க்கிறேன் என்றார்.