வேடமும் வாய்மையும்

நடிப்பு என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றோம். "அவர் நடிக்கிறார்" என்றால் அவரிடம் உண்மை இல்லை என்பதே கருத்து. மலையகத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இது முழுவதும் உடன்பாடன்று.

அக்காலத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரு வேடம் இருந்தது. துரைக்கு அரைக்காற்சட்டையும் தொப்பியும். பெரிய கங்காணிக்குக் கோட்டும் தலைப்பாகையும். தொழிலாளிக்கோ குனிந்த தலையும் தோளினின்று இறக்கிய துண்டும். மாசி மாதக் காமன் கூத்தில் மட்டும், பகலெல்லாம் கைகட்டி நின்றவன் மன்மதனாய் நிமிர்ந்து, சிவனின் தவத்தையே கலைக்க அம்பெடுத்தான். அவ்விரண்டில் எது அவனுடைய மெய்யுரு என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அயலார் தோட்டத்துள் நுழைதல் அரிதாயிருந்த நாளில், தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பர். 1931ஆம் ஆண்டில் அவர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டந்தோறும் பாடினார். 1936இல் அட்டன் தொகுதியினின்று அரசாங்க சபை புகுந்தார். வேடத்துடன் கண்டதை வேடமின்றி எடுத்துரைக்கும் இடம் அதுவாயிற்று.

வழக்கறிஞரின் கறுப்பங்கியும் ஆசிரியரின் கண்டிப்பும் ஒருவகை வேடங்களே, அவற்றில் குற்றமில்லை. வாக்குக் கேட்கும் நாளில் லயத்துத் திண்ணையில் அமர்ந்து தேநீர் பருகி, வென்றபின் அவ்வழியையே மறப்பவரின் வேடமே பழிக்கத்தக்கது. நம் கல்லூரியினின்று பொதுவாழ்வில் புகும் இளைஞர் இவ்வேற்றுமையை உணர்வாராக.