மெட்டுக்கு அப்பாலும் சகோதரர்

ஞாயிறு திருப்பலியில் 'சகோதர சகோதரிகளே' என்று குருவானவர் விளிக்கும்போது, அச்சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்னும் வினா எழுவதுண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கு அது வெறும் மறைக்கல்வி வினா அன்று. தெருவோடும் கூலியோடும் தண்ணீரோடும் பிணைந்த ஒன்று.

இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய எங்கள் ஊர்கள் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இப்பங்குகளில் சகோதரத்துவத்துக்கு நாங்கள் அறிந்த உருவம் அன்பியம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி இறைவார்த்தையை வாசிப்பார்கள். நோயுற்றவர் யார், வேலையற்றிருப்பவர் யார் என்று விசாரித்தறிவார்கள். சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பார்கள். அருமையான ஏற்பாடுதான். ஆயினும் அது தெருவை அடிப்படையாகக் கொண்டது. தெரு சாதியால் பிரிந்து கிடந்தால் அன்பியமும் அவ்வாறே பிரிந்துவிடும்.

இந்த இடர் தமிழகத் திருச்சபை முழுவதற்கும் பொதுவானது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலின்போது, 2008 மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஒரே அப்பத்தில் பங்குகொள்வது மட்டும் ஒரு சமூகத்தைச் சகோதரர்களாக்கிவிடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

தெருவைப் போலவே எங்களுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. அது மேற்கே நிற்கும் மலை. விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் எங்கள் ஊர்களில் அநேகர். மேலே தோட்டமுடையோர் பலரும் கத்தோலிக்கர்களே. அவர்கள் சீரோ மலபார் வழிபாட்டு முறையினர். நாங்கள் இலத்தீன் முறையினர். இரு சாராரும் உரோமைத் திருத்தந்தையின் பெயரைச் சொல்லித்தான் மன்றாடுகிறோம்.

2011 டிசம்பரில் இந்த உறவு சோதனைக்குள்ளானது. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற அச்சம் மேலே. அந்த நீரை நம்பி இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலத்தைப் பற்றிய அச்சம் கீழே. குமுளியில் மோதல் மூண்டது. தோட்டத் தொழிலாளர் பலர் அடிபட்டும் அஞ்சியும் மலையிறங்கினர். கீழே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. மேலே புதிய அணை கேட்ட போராட்டக் குழுவில் குருமார்களும் இருந்தனர்; கீழே நடந்த பேரணிகளில் எங்கள் பங்கு மக்களும் நடந்தனர். இரு தரப்பாரின் ஆலயங்களிலும் அவ்வாரங்களில் சமாதானம் பகிர்ந்துகொள்ளப்பட்டிருக்கும், அவரவர் பக்கத்தாரோடு.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது எங்கள் உரிமை. அதை விட்டுக்கொடுப்பதே சகோதரத்துவம் என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் வழக்கில் வென்றதனால் மட்டும் அண்டை வீட்டாரோடு உறவு திரும்பிவிடுவதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் சகோதரத்துவம் குறித்து எழுதிய சுற்றுமடலில் ஒரு முழு அதிகாரத்தை நல்ல சமாரியன் உவமைக்கு ஒதுக்கினார். யூதரும் சமாரியரும் அண்டை மக்கள். எந்த மலையில் வழிபடுவது என்பதில் ஓயாத பூசல் கொண்டவர்கள். அந்தச் சமாரிய நாட்டில்தான், யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்து, இயேசு ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பூசல் தீரும் வரை அவர் தாகத்தோடு காத்திருக்கவில்லை. அண்டை நாட்டாரிடம் தண்ணீர் பெற்று வாழும் எங்களுக்கு இக்காட்சி மிக அணுக்கமானது.

ஆகவே எங்கள் பங்குகளின் மறைப்பணிக்கு நாங்கள் வேண்டுவது சிறிய காரியம்தான். தெருக்களைக் கலந்து அன்பியங்களை அமைக்கலாம். ஆண்டுக்கொரு முறையேனும் மெட்டுக்கு மேலுள்ள பங்கினரும் நாங்களும் ஒன்றாய் அமர்ந்து உண்ணலாம். அணை நிறைய வேண்டுமென்று மன்றாடும் அதே ஞாயிறன்று, வண்டிப்பெரியாற்றில் மழையிரவுகளில் உறங்காமல் விழித்திருப்பவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.