எப்பங்க இழுக்குது?

கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் நடுவே இருக்கிறது அந்த வீல் அலைன்மெண்ட் கடை. வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வருகிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். கடைக்காரருக்கு வேண்டியது வேறு. "எப்பங்க இழுக்குது?" என்பார்.

நேராகப் போகும்போதே இழுக்கிறதா, பிரேக் மிதித்தால் மட்டுமா? பிரேக்கில் மட்டும் என்றால் ஒரு பக்கக் காலிப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்று பாதி முடிவாகிவிடும். ஆக்சிலேட்டர் கொடுக்கையில் ஒரு பக்கமும், காலை எடுத்ததும் மறுபக்கமும் போனால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்ப்பார். வலது பக்கம் திரும்பியபின் வலதுபுறமே சாய்ந்து, இடது பக்கம் திரும்பியபின் இடதுபுறமே சாய்ந்து போகும் வண்டியில் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் இறுகியிருக்கலாம். இவ்வளவும் பானெட்டைத் திறக்கும் முன்பே. நல்ல நாடி பார்க்கும் வைத்தியர் கெட்டார்.

நான் போயிருந்தபோது திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வெள்ளைக் காரில் வந்தார். இடது பக்கம் இழுக்கிறது. ஏற்கெனவே இரண்டு கடைகளில் அலைன்மெண்ட் பார்த்து, அச்சிட்ட தாளையும் மடித்து வைத்திருந்தார். கடைக்காரர் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"டயர் எப்பங்க மாத்துனீங்க?"

"முன்னாடி ரெண்டும் புதுசுங்க. போட்டு ஒரு மாசம் இருக்கும்."

"அதுக்கு முந்தி இழுத்துச்சுங்களா?"

"இல்லீங்களே. குழியிலகூட விடலீங்க."

முதலில் காற்று. இடது முன்சக்கரத்தில் 27, வலதில் 33. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கி உருள்வதால் வண்டி அந்தப் பக்கமே சாயும். காசில்லாத வைத்தியம் இது. ஆனால் இரண்டையும் சமமாக்கிய பிறகும் இழுப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. அதற்கு மெயின் ரோடு ஆகாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு சாதாரணம். இடது ஓரமாகப் போகிற நம் ஊரில் நல்ல வண்டியும் மெல்ல இடது பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். அதையே கோளாறு என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம் என்றார்.

ஆகவே மனை போட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு சைட்டுக்குள் போனோம். ஆளில்லாத தார்ச் சாலை. ஸ்டியரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டபடி ஓட்டினார். சாலையின் எந்த ஓரத்தில் சரிவு என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதே ஓரமாக எதிர்த்திசையிலும் ஒருமுறை வந்தார். சாலை காரணமாக இருந்தால் இழுப்பு இப்போது வலது பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இறங்கி, நான்கு ரிம்களுக்கும் அருகே புறங்கையை நீட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தபடியே ஓடும் சக்கரம் மற்றதைவிடச் சூடாக இருக்கும்; கருகல் வாடையும் வரும். இரண்டும் இல்லை.

கடைக்குத் திரும்பியதும் பையனைக் கூப்பிட்டார். "கண்ணு, முன்னாடி ரெண்டையும் லெஃப்ட் ரைட் மாத்திப் போடு." சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றக்கூடாது, இதில் அம்பு இல்லை. கழற்றிய டயரைப் பையன் உருட்டி வரும்போது அதன் பக்கச்சுவரில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். 3223 என்றால் 2023-இல் 32-வது வாரம் தயாரானது. இரண்டு டயரும் வேறு வேறு தயாரிப்பு வாரம். அதனால் மட்டும் கெடுதல் என்றில்லை, ஆனால் ஒரே வார்ப்பில் வந்தவை அல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

மறுபடி சைட்டுக்குப் போனோம். இப்போது வண்டி வலது பக்கம் இழுத்தது.

குற்றவாளி டயர். உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை நடுவிலிருந்து சற்றே விலகி அமைந்துவிட்டால், டயரின் ஒரு விளிம்பு விறைப்பாகவும் மறு விளிம்பு இளக்கமாகவும் ஆகிறது. படுக்க வைத்த பேப்பர் டீ கப்பை உருட்டினால் நேராகப் போகாமல் வட்டமடிக்குமே, அதே கதை. கண்ணுக்குத் தெரியாது, அலைன்மெண்ட் மெஷினுக்கும் தெரியாது, ஏனென்றால் அது ரப்பரை அளப்பதில்லை, சக்கரம் நிற்கும் கோணத்தைத்தான் அளக்கிறது. டயரைப் பின்னால் தள்ளியதும் வண்டி நேரானது.

"அவ்வளவுதானுங்களா? மெஷின்ல ஏத்தலீங்களா?" கம்பெனிக்காரருக்கு மனசு ஆறவில்லை. ஏற்றினார்கள். நான்கு சக்கரங்களிலும் பலகைகளை மாட்டி, எதிரே இருந்த கேமராக்களுக்காக வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி எண்களை எடுத்தார்கள். திரை முழுக்கப் பச்சை. அதை அச்சிட்ட தாளுக்குத்தான் அவர் பணம் கொடுத்தார். இரண்டு முறை சைட் வரை போய்வந்ததற்கும், டயர் மாற்றிப் பார்த்ததற்கும் பில்லில் இடமில்லை. ஏன் கேட்பதில்லை என்றேன்.

"ஓட்டிப் பாத்ததுக்குக் காசான்னு சிரிப்பாங்க சார். பேப்பர் குடுத்தா குடுத்துருவாங்க."

இந்தத் தொழிலின் கோளாறு எனக்கு அங்கேதான் பிடிபட்டது. நோயைக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லை. அளவெடுக்கும் வேலைக்கு உண்டு. அதனால் பல கடைகளில் வண்டி வந்ததும் நேரே மெஷினில் ஏறிவிடுகிறது. நம் சின்னக் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம், மட்டும்தான் சரிசெய்யக்கூடியது. இழுப்புக்குக் காரணமான கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) திரையில் சிவப்பாக வந்தாலும், திருப்புவதற்கு அங்கே நட்டு கிடையாது. டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிவிடுவார்கள். அளவு பிசகியிருந்தால் அடுத்த தடவை டயர் மொட்டையாகி வரும். இந்தக் கடைக்காரர் லாரிப் பட்டறையில் நூல் கட்டி, டேப் பிடித்து டோ பார்த்த காலத்தில் மெஷின் என்று ஒன்று இல்லாததால், ஓட்டிப் பார்க்காமல் தப்பிக்க வழியே இருந்ததில்லை.

சாயந்திரம் ஒரு வாடகைக் கார் வந்தது. இடது பக்கம் இழுப்பு. டயரை மாற்றிப் போட்டும் இடது பக்கமேதான். மெஷினில் இடது காஸ்டர் வலதைவிட ஒரு டிகிரி குறைவு. காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி போகும். பள்ளத்தில் இறங்கி விளக்கைப் பிடித்த கடைக்காரர் என்னையும் கூப்பிட்டார். எஞ்சினைத் தாங்கும் கிராஸ் மெம்பரின் போல்ட்டைச் சுற்றி வருஷக்கணக்கான சேறும் எண்ணெயும் அப்பியிருந்தன. வாஷரின் ஒரு ஓரத்தில் மட்டும் பிறை போல ஒரு கீற்று, அழுக்கே இல்லாமல் பளிச்சென்று தெரிந்தது. எங்கோ இடிபட்டு அந்தச் சட்டத்தின் இடது பக்கம் அவ்வளவு தூரம் பின்னே நகர்ந்திருக்கிறது.

"ஸ்டியரிங்க மட்டும் நேரா வச்சுக் குடுங்கண்ணா, ஏர்போர்ட் சவாரி இருக்குது" என்றார் டிரைவர்.

"ஸ்டியரிங் நேரா நிக்கும் தம்பி. வண்டி போகாது."

டிரைவர் ஓனருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரை கொடுத்து நெம்பி, பிறை மறையும் வரை சட்டத்தை முன்னே தள்ளி இறுக்கிவிட்டார்கள். திரையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. தாளை நீட்டிய பையனிடமிருந்து டிரைவர் அதை வாங்கிக்கொண்டு சாவியைத் தேடினார். சாவி கடைக்காரரிடம் இருந்தது. அவர் ஏற்கெனவே வண்டியில் ஏறி, சைட்டுக்குப் போகக் கிளப்பியிருந்தார்.