கேட்கும் முகம்

ஒருவரின் இயல்பு அவர் பேசும்போது வெளிப்படுகிறதா, பிறர் பேசக் கேட்கும்போது வெளிப்படுகிறதா? பேச்சை முன்கூட்டியே எழுதலாம், மனப்பாடம் செய்யலாம், கண்ணாடிமுன் நின்று ஒத்திகையும் பார்க்கலாம். ஆனால், எதிரே நிற்பவர் தம்மைக் குறைகூறும் இரண்டு நிமிடங்களில் முகம் என்ன செய்யும் என்பதை அவ்வளவு எளிதில் ஒத்திகை பார்த்துவிட முடியாது.

இதை எனக்குக் கற்றுத் தந்தது பட்டிமன்ற மேடை. ஆவடியில் கோவில் திருவிழாக்களிலும் பொங்கல் விழாக்களிலும் நடக்கும் பட்டிமன்றங்களைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். நடுவர் நடுவில் அமர்ந்திருப்பார். இருபுறமும் இரண்டு அணிகள். பேசுபவர் ஒருவரே, மேடையிலுள்ள மற்ற அனைவரும் கேட்பவர்களாக நம் கண்முன் இருப்பார்கள். எதிரணியின் நகைச்சுவைக்கு மனம்விட்டுச் சிரிப்பவர் உண்டு. தலைநிமிராமல் மறுப்புரையை எழுதிக்கொண்டே இருப்பவர் உண்டு. மணியடிக்குமாறு நடுவருக்குச் சைகை காட்டுபவரும் உண்டு. அவர்கள் எழுந்து பேசுமுன்பே அவர்களைப் பாதி அறிந்துவிடுவோம். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பையோ பொருட்பாலில் ஒரு முறையும் இன்பத்துப்பாலில் ஒரு முறையுமாக இருமுறை வைத்தார்.

தலைவர்களின் முகத்தை அருகில் காணும் வாய்ப்பு முந்தைய தலைமுறைக்கு அரிதாகவே கிட்டியது. 1955 சனவரியில் இந்திய தேசியக் காங்கிரசின் 60ஆம் மாநாடு எங்கள் ஆவடியில் நடைபெற்றது. யு.என். தேபர் தலைமை வகித்தார். சமதருமப் பாங்கான சமுதாயமே நாட்டின் இலக்கு என்னும் தீர்மானம் அங்கே நிறைவேறியது. பெருங்கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்குத் தலைவர் என்பவர் ஒலிபெருக்கியில் வரும் குரல்தான். முகம் தொலைவில் தெரியும் ஒரு புள்ளி. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15 அன்று. அதன்பிறகே அந்தப் புள்ளி நம் வீட்டுக் கூடத்தில் முகமாக வந்து அமர்ந்தது.

அமெரிக்கர்களுக்கு அந்த அனுபவம் முன்பே வாய்த்தது. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் மோதிய குடியரசுத் தலைவர் வேட்பாளர் விவாதத்தை ஏறத்தாழ 7 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டனர். நிக்சனின் முகம் வெளிறியிருந்தது, வியர்த்தது. முழங்கால் நோய்த்தொற்றால் மருத்துவமனையில் இருந்து மீண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. பார்த்தவர்கள் கண்டது அவருடைய மனநிலையையா, உடல்நிலையையா?

அடுத்து வந்த விவாதங்களில் சிறு அசைவுகளே பெரும் பேச்சாயின. 1992இல் நாட்டின் கடன்சுமை உங்கள் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்கும் வேளையில் மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பொறுமையற்றவர் என்றனர். 2000இல் எதிராளி பேசும்போது அல் கோர் விட்ட பெருமூச்சுகள் ஒலிவாங்கியில் கேட்டன, செருக்குடையவர் என்றனர். 1988இல் டுகாகிசிடம், உங்கள் மனைவி கொலையுண்டால் கொலையாளிக்கு மரண தண்டனை வேண்டுவீர்களா என்று கேட்டார்கள். அவர் பதறாமல், தம் கொள்கைப்படி வேண்டேன் என்றார்; ஈரமற்றவர் என்றனர். அதே அமைதியைக் கொள்கை உறுதி என்றும் படித்திருக்கலாம் அல்லவா?

2024 செப்டம்பர் 10 இரவு பிலடெல்பியாவில் டொனால்டு டிரம்பும் கமலா ஹாரிசும் விவாதித்தபோது நமக்கு மறுநாள் காலை 6.30 மணி. ஹாரிசின் தாய் சியாமளா சென்னையில் பிறந்தவர். பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அந்த உறவின் ஆவலில் எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சி ஓடியது. ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி அணைந்திருக்கும் என்பது அன்றைய விதி. ஆகவே, கேட்பவர் தம் முகத்தால் மட்டுமே மறுமொழி கூற முடிந்தது. திரையை இரண்டாகப் பிரித்து அந்த முகங்களை அருகருகே காட்டினார்கள்.

ஆங்கிலம் அறியாத என் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். “அவர் அந்தப் பெண்ணின் பக்கமே திரும்பவில்லை, பார்த்தாயாம்மா? அவளோ கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் சிரிப்பும் சிரிப்பில்லை, அதுவும் ஒரு பதில்தான்” என்றார்.

அம்மா பல ஆண்டுகள் மகளிர் சுயஉதவிக் குழுவை நடத்தியவர். “எங்கள் குழுவில் கணக்குக் கேட்டால் சிலர் சீறுவார்கள், சிலர் சிரித்து மழுப்புவார்கள். கேள்வி முடியும்வரை காத்திருந்து, ஏட்டை விரித்துக் காட்டுபவரிடம்தான் பெட்டிச் சாவியைக் கொடுப்போம்” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால், முகத்தைப் பார்த்து மட்டும் கொடுத்ததில்லையம்மா, ஏட்டையும் பார்ப்போம்” என்று சேர்த்துக்கொண்டார்.

விவாதத்தைக் கண்டவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளில் ஹாரிசே முந்தினார். நவம்பரில் நடந்த தேர்தலில் டிரம்ப் வென்றார். மேடையில் தோன்றும் இயல்பை மக்கள் ஒரு சான்றாகக் கொள்கின்றனர். அதையே தீர்ப்பாகக் கொள்வதில்லை என்பதை இது காட்டுகிறது. அவரவர் வாழ்க்கைச் செலவும் நம்பிக்கையும் அச்சமும் சேர்ந்தே வாக்காகின்றன.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காக மக்கள்முன் விவாத மேடை அமைவதில்லை. எனினும், நேர்காணல்களிலும் கைப்பேசியில் ஓடும் காணொளித் துணுக்குகளிலும் தலைவர்களின் முகங்களை நாள்தோறும் காண்கிறோம். துணுக்கு என்பது பிறர் வெட்டித் தருவது. ஒரு பெருமூச்சை மட்டும் வெட்டியெடுத்து ஒருவரைச் செருக்கராக்கலாம். ஒரு புன்னகையை மட்டும் வெட்டியெடுத்துச் சான்றோராக்கலாம்.

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் உங்கள் விரலிலும் வாக்குச்சாவடி மை படியும். ஆட்சிப் பொறுப்பு என்பது பேசுவதைவிடக் கேட்பதையே மிகுதியாக வேண்டும் பணி. மாற்றுக் கருத்தை, கசப்பான கணக்கை, எளியவரின் முறையீட்டைத் தலைவர் எப்படிக் கேட்கிறார் என்று கூர்ந்து பாருங்கள். துணுக்கை விடுத்து முழு உரையாடலைப் பாருங்கள். பார்த்தபின், மறவாமல் அவருடைய ஏட்டையும் விரித்துப் பாருங்கள். சாவி நம் கையில்தான் இருக்கிறது.