பதினெட்டு மணி நேரம்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. வீதியில் நுழைந்தாலே தறிச் சத்தம்தான். என் கணவரும் பட்டு நெசவுதான். லண்டனில் இருக்கும் மகளின் தலைப்பிரசவத்துக்கு நான் கிளம்பியபோது, எண்பது வயது மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: “எனக்கு ஒண்ணுன்னா எத்தனை நேரத்துல வந்து சேருவே?”

“பத்தரை மணி நேரம்தான் அத்தை. மூணு பாவு அறுக்கறதுக்குள்ள வந்துடறேன்” என்றேன். ஒரு பாவுக்கு மூன்று சேலை, ஒரு சேலைக்குப் பத்து நாள். அவருக்குப் புரிகிற கணக்கு அதுதான்.

என் கணவர் மகனுடைய பழைய உலக உருண்டையை எடுத்து, ஒரு பட்டு இழையைச் சென்னைக்கும் லண்டனுக்கும் இழுத்துப் பிடித்தார். இழை காஸ்பியன் கடலைத் தாண்டி, கிரிமியா வழியாக வளைந்து போயிற்று. உருண்டையில் அதுதான் குறுக்கு வழி. சுமார் 8,200 கிலோமீட்டர். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்ட பிறகு, அந்த வழியை விட்டுத் தெற்கே சுற்றித்தான் போகிறார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் வேகக் காற்று வேறு எதிர்க்கிறது. திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொடுப்பதால் சுமார் அரை மணி மிச்சம்.

மே மாதம், காலை 5.30க்கு மீனம்பாக்கத்தில் ஏறினேன். இறங்கியபோது அங்கே கடிகாரம் 11.30. ஆறு மணி நேரம்தானா என்று மயங்காதீர்கள்! கோடையில் அவர்கள் நமக்கு நாலரை மணி பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை.

சர்க்கரை உள்ள சகோதரிகள் மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மாறுவதால் எப்போது சாப்பிடுவது என்று முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நாலு மணிக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. அடிக்கடி எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

பேரன் பிறந்தான். இரண்டாம் மாதம், அங்கே இரவு 10 மணிக்கு போன். இங்கே 2.30. அத்தைக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம். அன்றுதான் உட்கார்ந்து நிஜக் கணக்குப் போட்டேன். மகள் வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி, முன்கூட்டியே போய்க் காத்திருப்பது மூன்று, வானத்தில் பத்து, இறங்கி வெளியே வர இரண்டு, ஐயம்பேட்டைக்குக் காரில் இரண்டு. பதினெட்டு மணி நேரம்! அதுவும் உடனே டிக்கெட் கிடைத்தால். அத்தையிடம் பத்தரை என்று சொன்னோமே என்று நெஞ்சு அடைத்துப் போயிற்று.

விடிந்ததும் அத்தையே பேசினார். “வராதே. பச்சை உடம்புக்காரியை விட்டுட்டு வந்தா நான் பேசவே மாட்டேன்.”

மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. நான் ஊர் திரும்பியபோது மூன்றாவது பாவில் கடைசிச் சேலை தறியில் பாதி இருந்தது. அத்தை அதைக் காட்டி, “சொன்ன கணக்கு தப்பலை” என்று சிரித்தார்.

பதினெட்டு மணிக் கணக்கை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.