"வட்டிக்குப் படிப்பா, சேர்?"



கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள். வெட்டுப்புள்ளி வந்த நாளிலிருந்து ஊரில் நாலைந்து பேர் இதே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு பிள்ளை தாயோடு வீட்டுக்கு வந்தது. ஓ.எல். வரை எங்களிடம் கணக்கீடு படித்த பிள்ளை. பிறகு ஏ.எல். கொமர்ஸ் எடுத்து, இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறது. நிதியும் கணக்கியலும் படிக்க ஆசை. நாங்கள் மாஷா அல்லாஹ் சொல்லி முடிக்கவில்லை, தாய் கேட்டார்:

"சேர், இது வட்டிக்குப் படிக்கிற படிப்பு எண்டு சொல்றாங்களே? நாளைக்கு அந்தச் சம்பளம் ஹலாலா வருமா?"

அதோடு மாமா ஒருவரின் யோசனையும் வந்தது. "வவுனியா கெம்பஸ் எண்டால் சின்ன இடம்தானே. இன்னொருமுறை எழுதினால் கொழும்புப் பக்கம் கிடைக்கும்."

இரண்டு கேள்வி. இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்கிறோம். ஏனென்றால் அதில் எங்கள் கையும் சுட்டிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் படித்த ஒரு தம்பிக்கும் இதே வவுனியா கிடைத்தது. அப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். வீட்டார் எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கெட்டிக்காரப் பிள்ளை. இன்னொருமுறை எழுதட்டும், ஜயவர்தனபுர கிடைக்கும்." பெருமையாகச் சொன்னோம். தம்பி பதியவில்லை, மறுபடி எழுதினார். அந்த வருடம் வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனது, புள்ளி குறைந்தது. மூன்றாம் தடவை எழுத வீட்டு நிலைமை விடவில்லை. இன்று கட்டாரில் ஒரு கடையில் நிற்கிறார். லீவில் வந்தால் எங்களைப் பார்க்காமல் போகமாட்டார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிறகு யோசித்தோம். புத்தளத்தில் ஏ.எல். எழுதி, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்து, கல்வியியற் கல்லூரிக்குப் போனவர்கள் நாங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, அந்தக் கல்லூரிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் பெரிய பல்கலைக்கழகம் என்ற எங்கள் ஆசையை அந்தத் தம்பியின் தலையில் வைத்துவிட்டோம். கிடைத்ததை விடச் சொன்ன பாவம் எங்களுடையது.

ஆகவே இந்தமுறை நிதானமாகச் சொன்னோம். வவுனியா வளாகம் 1997இல் தொடங்கியது. 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. மூன்றே மூன்று பீடங்கள்: பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். சிறிய இடம்தான், உண்மை. சிறிய இடத்தில் விரிவுரையாளருக்குப் பிள்ளையின் முகம் தெரியும். ஒரு கிழமை வராவிட்டால் ஏனென்று கேட்க ஆள் இருக்கும். வன்னியிலிருந்து போகும் பிள்ளைக்கு, அதுவும் முதல்தடவை வீட்டைவிட்டு நிற்கும் பொம்பிளைப் பிள்ளைக்கு, இது சின்ன விஷயமில்லை. காய்ச்சல் என்றால் அன்றைக்கே பஸ் எடுத்து வீடு வரலாம்.

கஷ்டங்களையும் மறைக்கவில்லை. படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் ஏ.எல். செய்த பிள்ளைக்கு முதல் வருடம் கண்ணீர் வரும். மகாபொல கிடைத்தாலும் சாப்பாடு, அறை, போட்டோகொப்பி எல்லாவற்றுக்கும் போதாது. பட்டம் முடிந்த அடுத்த நாள் வேலை வாசலில் நிற்காது. பட்டதாரிகள் அரச நியமனத்துக்காக வீதியில் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிதி படிக்கிற பிள்ளை பட்டத்தோடு நிறுத்தாமல் கணக்காளர், கணக்காய்வாளர் தொழிற்பரீட்சைகளையும் பக்கத்தில் செய்தால் கதவுகள் கூடத் திறக்கும்.

இனி தாயின் கேள்வி.

தாயிடம் நாங்கள் ஒன்று கேட்டோம். "வீட்டில கிழமைக் கடன், மாதக் கடன் ஏதும் இருக்கா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, தையல் மெஷினுக்கு 50,000 ரூபா எடுத்ததாகச் சொன்னார். மாதம் இரண்டு வீதம், பன்னிரண்டு மாதம். மாதம் 5,167 ரூபா கட்டுகிறார். "ரெண்டு வீதம்தானே சேர், குறைவு எண்டுதான் எடுத்தேன்."

கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொன்னோம். ஐம்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரம் வட்டி. வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். மொத்தம் 62,000. இதுவரை தாய்க்கும் தெரியும். பிறகு ஒவ்வொரு மாதமும் முதலில் எவ்வளவு மிச்சம் என்று வரிசையாக எழுதச் சொன்னோம். ஆறு மாதம் கட்டிய பிறகு கையில் இருக்கும் கடன் 25,000தான். ஆனால் வட்டி இன்னும் ஆயிரம். கடைசி மாதம் மிச்சக் கடன் 4,167 ரூபா. அதற்கும் வட்டி ஆயிரம். திருப்பிக் கொடுத்துவிட்ட காசுக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 24 வீதம் என்று சொன்னது உண்மையில் 42 வீதத்துக்குக் கிட்ட வருகிறது.

பிள்ளை கல்குலேட்டரை வைத்துவிட்டு தாயைப் பார்த்தது. தாய் தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

"இதைத்தான் அங்க படிப்பாங்க," என்று சொன்னோம். நிலையான வட்டி, குறைந்துவரும் மீதி வட்டி என்றால் என்ன, இன்றைய ரூபாவும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வரும் ரூபாவும் ஏன் சமமில்லை, ஒரு கடையின் ஐந்தொகையை எப்படி வாசிப்பது, இலாபம் காட்டுகிற வியாபாரம் ஏன் காசில்லாமல் மூடப்படுகிறது, வரி, கணக்காய்வு. வைத்தியர் நோயைப் படிப்பது நோயைப் பரப்பவா? வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதிலிருந்து ஊரைக் காப்பாற்றலாம்.

யுத்தம் முடிந்த பிறகு வன்னிக்குள் வீதி வந்தது, கரண்ட் வந்தது, அவற்றோடு கடனும் வந்தது. தமிழ்ச் சகோதரிகள், நம் சகோதரிகள் என்று வித்தியாசம் இல்லாமல் கையெழுத்து வைத்தார்கள். 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. பெண்கள் ஏமாளிகள் என்பதால் வந்த நிலையில்லை. அந்தத் தாளை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கவில்லை. வீடு மட்டுமா? நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. அந்த வருடம் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நின்ற வரிசை மறந்துவிடவில்லை.

சம்பளம் ஹலாலா என்பதற்குத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை. அதை ஆலிம்களிடம் கேளுங்கள். இரண்டு விஷயம் மட்டும் சொன்னோம். நிதி படித்தவர் வட்டி வாங்கும் மேசையில்தான் உட்கார வேண்டும் என்றில்லை. கணக்காய்வு, கூட்டுறவுச் சங்கம், கச்சேரி, தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவு, பாடசாலை என்று இடம் இருக்கிறது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வட்டியில்லா முறைக்கும் இலங்கையில் வழி வந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. அங்கேயும் கணக்குத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

இரண்டாவது, குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்பது அதன் கருத்து. கணக்கு எழுதுவது மார்க்கத்துக்கு வெளியே உள்ள வேலை என்று யார் சொன்னது?

அதைச் சொல்லும்போது எங்கள் வாப்பாவின் ஞாபகம் வந்தது. தண்ணீரூற்றில் வாப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. ஊரில் பாதிப் பேர் கடன் கொப்பியில்தான் சாமான் வாங்கினார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேறச் சொன்னபோது கடையோடு கொப்பியும் போனது. அப்போது நாங்கள் கைக்குழந்தை. பிறகு இருபது வருடம் புத்தளத்தில். தனக்கு வரவேண்டியதைப் பற்றி வாப்பா ஒருநாளும் பேசவில்லை. தான் கொடுக்கவேண்டிய ஒரேயொரு கடனை மட்டும் மறக்கவில்லை. முள்ளியவளையில் அரிசி மொத்தமாகத் தந்த ஒரு தமிழ் ஐயாவுக்குக் கொடுக்கவேண்டியது. மீள்குடியேறி வந்தபின் தேடிப்போனார். ஐயா இல்லை, மகள் இருந்தார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, அவர்கள் கொப்பியும் யுத்தத்தில் போய்விட்டது. வாப்பாவே தொகையைச் சொல்லி, வாப்பாவே கொடுத்துவிட்டு வந்தார். எங்களுக்குத் தெரிந்த முதல் நிதிப் பாடம் அதுதான்.

தாய் கலண்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பிள்ளை போன் எடுத்தது. "சேர், பதிஞ்சிட்டேன். உம்மாதான் சொன்னா." அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் அந்தக் கட்டார் தம்பியை நினைத்துக்கொண்டோம்.

ஊராருக்கு மூன்று வேண்டுகோள். பிள்ளைக்கு இடம் கிடைத்திருந்தால் பதிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள், விடுவதற்கு முன் இரண்டு பேரிடம் கேளுங்கள். வவுனியாவில் படித்து முடித்த நம் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை வந்து ஏ.எல். பிள்ளைகளோடு பேசுங்கள், முதல் வருட ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று மட்டும் சொன்னாலே போதும். கடன் தாள் வைத்திருக்கும் தாய்மார் மஃரிபுக்கு முன் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். காசு வேண்டாம், துஆ போதும்.

இன்னும் நாலு வருடத்தில், இன்ஷா அல்லாஹ், எங்களைவிட நன்றாக வாசிக்க ஊரில் ஒரு பிள்ளை இருக்கும்.