ஒரிஜினல் எஞ்சின்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காலையில் ரோட்டில் டொல்பின் வேன்கள்தான். ஸ்கூல் பிள்ளைகள், கல்யாண வீட்டுக்காரர்கள், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் என்று எல்லாரையும் ஏற்றுவது அந்த நீளமான பழைய வண்டிகள்தான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்ப வழிவிட்டது. இடையில் பழைய வேன்களுக்கு வந்த விலையைக் கேட்டால் தலை சுத்தும். இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடின வண்டியை, தான் வாங்கின விலையைவிடப் பல மடங்குக்கு விற்றவர்கள் எங்கள் டிவிசனிலேயே இருக்கிறார்கள்.

அப்படி ஒரு டொல்பினைத்தான் எங்கள் வீட்டிலும் வாங்கினோம். அம்மா ஐம்பது வயதில் எடுத்த ஈ.பி.எஃப் காசும், மாமா தந்த கைமாத்தும், அக்காவின் சங்கிலி அடகு வைத்த காசும் சேர்ந்த வண்டி அது. அண்ணன் ஸ்கூல் ஹயர் ஓட்டுவதாகத் திட்டம். விளம்பரத்தில் போட்டிருந்தது இவ்வளவுதான்: ஒரே ஓனர், ஒரிஜினல் எஞ்சின், புத்தகம் கிளியர். கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்த்தோம். அவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், மேட்டில் ஏற்றிப் பார்த்தார், புகையைப் பார்த்தார். நல்ல எஞ்சின் என்றார். அதில் பொய்யே இல்லை, எஞ்சின் நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது அந்த வண்டியின் எஞ்சின் இல்லை.

பெயர் மாற்றப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எஞ்சின் நம்பர் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற நம்பர் வேறொன்று. எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவில்லை. அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அது தீரும்வரை பெயர் மாறாது. பெயர் மாறாத வண்டியை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற அண்ணனுக்கு மனசு வரவில்லை. விற்றவருக்குக் கோல் எடுத்தோம். "நீங்கதானே பாஸ கூட்டிட்டு வந்து பாத்தீங்க, இப்ப என்னத்துக்கு தம்பி கத்துறீங்க?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் இரண்டு மாதம் அலைந்தோம்.

முதலில் பொலிஸ். சொன்னது பொய் என்று தெரிந்தே சொல்லிக் காசு வாங்கினால் அது தண்டனைச் சட்டக்கோவையில் மோசடி. ஆனால் அவருக்குத் தெரியும் என்று யார் காட்டுவது? முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். எழுதினது சிங்களத்தில். தமிழ் 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியாகிவிட்டது. அம்மா கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று அவருக்கு வாசித்துச் சொல்ல, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு ஓட்டோக்காரத் தம்பிதான் இருந்தார்.

பிறகுதான் கம்பஸ் நண்பர்களோடு உட்கார்ந்து தேடினோம். இதற்கான சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். எங்கள் பூட்டன்மார் கங்காணிக்குக் கடன்பட்டுக் கொழுந்தெடுத்த காலத்தில், 1893 ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்துக் கொழும்பில் போட்டது. தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்கின வியாபாரிகளை நினைத்துப் போட்டிருப்பார்கள். இன்றைக்கும் ஒரு டொல்பினுக்கு அதுதான் பொருந்தும்.

அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று தரம் பற்றியது. அந்த மாதிரிப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் வாங்கினால்தான் அது உதவும். நாமே சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அது கை கொடுக்காது. 'பாஸ கூட்டிட்டு வந்தீங்க' என்ற பேச்சுக்கு ஓரளவு பலம் இருப்பது இங்கேதான். மற்றது வர்ணனை பற்றியது. இன்னது என்று சொல்லி விற்றால், கொடுப்பது சொன்னதாக இருக்க வேண்டும். விற்கிறவர் வியாபாரியா, வீட்டுக்காரரா என்ற பேச்சே இதில் இல்லை.

இதே சட்டத்தை வைத்து இங்கிலாந்தில் 1967 இல் தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது, பீல் எதிர் டெய்லர். டெய்லர் என்பவர் 1961 ஹெரல்ட் கார் என்று பேப்பரில் விளம்பரம் போட்டார். பீல் நேரே போய்ப் பார்த்துத்தான் வாங்கினார். பிறகு பார்த்தால் அது இரண்டு கார். பின்பாதி 1961, முன்பாதி வேறொரு பழைய கார், நடுவில் வெல்டிங். விற்றவருக்கே அது தெரியாது, அவர் வியாபாரியும் இல்லை. ஆனாலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் வாங்கினவர் பக்கம் நின்றது. பார்த்து வாங்கியிருந்தாலும் அவர் நம்பினது விளம்பரத்தில் இருந்த வர்ணனையை என்றது. இதை வாசித்த அன்றைக்கு நாங்கள் ஹொஸ்டலில் கத்தின கத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள்.

ஆனால் கையில் சட்டம் இருப்பதும் காசு திரும்பி வருவதும் வேறு வேறு. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் கேட்பதென்றால் சுணங்கக்கூடாது. ஏற்றுக்கொண்டு வைத்திருந்தால் பிறகு நட்டஈடு மட்டும்தான் கேட்கலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், விற்றவர் வர்த்தகராகவும் இருக்க வேண்டும். எங்கள் ஆள் 'என் சொந்த வண்டிதான்' என்று நின்றார். அதே ஃபோன் நம்பரில் இன்னும் நாலு வண்டிக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்தாள். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு வாட்ஸ்அப் செய்தியையும் சான்றாகக் காட்டலாம் என்பது அவளுக்குத் தெரியாது. எடுத்து வைத்தது அவளுடைய குணம்.

பொருளியல் படிக்கிற தோழி ஒருத்தி அகர்லொஃப் என்பவரைப் பற்றிச் சொன்னாள். பழைய கார்ச் சந்தையை வைத்து 1970 இல் ஒரு கட்டுரை எழுதி, 2001 இல் நோபல் பரிசு பெற்றவர். வண்டியின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் யாரும் நல்ல விலை தரத் துணிய மாட்டார்கள், நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டே போய்விடுவார்கள் என்பது அவருடைய வாதம். அம்மாவிடம் சொன்னோம். "இதுக்கு பரிசு குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

கடைசியில் மத்தியஸ்த சபைக்குப் போனோம். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால் கோர்ட்டுக்கு முன்னால் அங்கேதான் போக வேண்டும், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் அப்படி. சட்டத்தரணிகள் வந்து பேச முடியாது, செலவும் மிகக் குறைவு. எங்களுக்கு வாய்த்த சபை ஒரு ஸ்கூல் கட்டடத்தில், சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் உட்கார்ந்து நடந்தது. மத்தியஸ்தர்களில் ஒருவர் தமிழர். முதல் தடவையாக அம்மா தன் கதையைத் தானே சொன்னார். விளம்பரத்தின் பிரின்டை மேசையில் வைத்துவிட்டு, "ஒரிஜினல்னு எழுதினது இவரா, இல்லையா? அத மட்டும் கேளுங்க சார்" என்றார். அந்த மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபை தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பேரும் இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்கும், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தரும், அதோடு கோர்ட்டுக்குப் போகலாம். வண்டியைத் திருப்பி எடுக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விலையில் ஒரு பகுதியை நாலு தவணையில் தருகிறேன், எஞ்சின் வாங்கின கராஜைக் காட்டிப் பில்லும் எடுத்துத் தருகிறேன் என்றார். மாமாவுக்குக் கோர்ட்டுக்குப் போக ஆசை. அம்மா வேண்டாம் என்றார். அவருக்கு வேன் ஓட வேண்டும், ஜனவரியில் ஸ்கூல் தொடங்குமுன்.

இரண்டு தவணை வந்திருக்கிறது. பில் இன்னும் வரவில்லை.